சலாபத்துத் துரையின் வாட்ச்

பூசையறைக் கதவைத் திறந்த காசிலிங்கம் அண்ணாச்சி, நாங்கள் உள்ளே கால் வைக்குமுன் கையைக் குறுக்கே நீட்டினார்.

"எதையும் தொடப்படாது, ஆமா. தொட்டா ரேகை அழிஞ்சிரும்."

"பயப்படாதிய அண்ணாச்சி. எங்க சார் ரேகையைப் பாக்க மாட்டாவ, மூஞ்சியைத்தான் பாப்பாவ," என்றேன் நான்.

வெள்ளத்துரை சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். வாயை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வா என்று அதற்கு அர்த்தம். நாசரேத்தில் டைப்ரைட்டிங் பரீட்சையில் திரும்பத் திரும்பக் கோட்டைவிட்டு, கிருபையாகிய நான் தூத்துக்குடிக்கு வந்து இவரிடம் உதவியாளாகச் சேர்ந்த நாள் முதல் தினமும் எனக்குக் கிடைக்கிற பார்வை அது. சாருக்கு ஐம்பதை நெருங்கும் வயது. சுங்க இலாகாவில் கப்பல்காரர்களின் பெட்டிகளைக் குடைந்துகொண்டிருந்தவர், மேலதிகாரியோடு ஒத்துப்போகாமல் வேலையை உதறிவிட்டுத் தனியாகத் துப்பறியக் கிளம்பினார். பெட்டிகளுக்குப் பதில் இப்போது மனிதர்களைக் குடைகிறார்.

அன்று விஜயதசமி. காலையில் காபி ஆறுவதற்குள் மெட்டில்டா எங்கள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றிருந்தாள். மாதா கோயில் பக்கம் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருக்கும் மரியானின் மகள். கண் அழுது வீங்கியிருந்தது. குரலில் மட்டும் அழுகை இல்லை, கோபம்தான் இருந்தது.

"எங்கப்பாவைக் கள்ளன்னு சொல்லுதாவ, சார். காசிலிங்கம் அண்ணாச்சியோட சலாபத்துத் துரை வாட்சை அப்பா எடுத்துட்டாவளாம். குடோன் ஆளுவளை விட்டுக் கடையைக் கொட்டிக் கவுத்தாச்சு. ஒண்ணும் அகப்படல. அப்பாவோட சாமான் பெட்டியை மட்டும் தூக்கிட்டுப் போயிட்டாவ. நாளைக் காலைக்குள்ள வாட்சு வரலேன்னா போலீசாம்."

"நாளைக்கு ஞாயித்துக்கெழமை," என்றார் சார்.

"அதான் சார். நாளைக்கு எனக்கு மூணாவது ஓலை வாசிக்கணும். மாப்பிள்ளை வீடு மணப்பாடு. மாமனார் ரொம்ப ரோசக்காரரு. எங்க வாசல்ல போலீசு நிக்குன்னு கேட்டா, சாமியார் ஓலையைக் கையில எடுக்கதுக்கு முன்னாடி எந்திச்சுப் போயிருவாவ."

கத்தோலிக்கர்கள் கல்யாண அறிவிப்பைக் கோயிலில் மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். அதற்குப் பெயர் ஓலை. மூன்றாவது ஓலையும் வாசித்துவிட்டால் பாதித் தாலி கட்டிய மாதிரி. மூன்றாவது ஓலையில் நின்றுபோன கல்யாணத்தை அந்தக் கடற்கரையில் ஏழு தலைமுறைக்குப் பேசுவார்கள்.

"உங்கப்பா மேல எதுக்குச் சந்தேகம்?"

"வருசா வருசம் ஆயுத பூசைக்கு முன்ன அண்ணாச்சி வாட்சு பூராத்தையும் அப்பாதான் தொறந்து, கழுவி, எண்ணெய் போட்டுக் குடுப்பாவ. நேத்துக் காலைல கொண்டுபோயிக் குடுத்தாவ. அந்தச் சலாபத்து வாட்சுக்குக் கண்ணாடி ஆடுது, புதுக் கண்ணாடி செய்யணும், அதுவரைக்கும் ஈரக்கையால கூடத் தொடாதிய அண்ணாச்சின்னு படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டு வந்திருக்காவ. அம்புட்டு அக்கறையாச் சொன்ன மனுசன் அதைத் திருடுவாரா?"

போகும்போது வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னாள். அண்ணாச்சியின் மச்சினன் பேச்சிமுத்து, அந்த வாட்ச் என்ன விலை போகும் என்று அவள் அப்பாவிடம் பல தரம் கேட்டிருக்கிறானாம். நேற்றுச் சாயங்காலமே அவன் குலசேகரன்பட்டினம் தசராவுக்குப் புறப்பட்டுப் போய்விட்டான்.

"சார், கேசு முடிஞ்சுது," என்றேன் நான். "மச்சினன்தான்."

"நீ டைப்ரைட்டிங்ல எதுக்கு பெயிலானேன்னு இப்பத் தெரியுதுலே. முழு வரியையும் படிக்க மாட்டே," என்றார் சார்.

அப்படித்தான் நாங்கள் அந்தப் பூசையறை வாசலுக்கு வந்து சேர்ந்தோம்.

காசிலிங்கம் அண்ணாச்சி துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு அரிசியும் காய்கறியும் ஏற்றி அனுப்பும் வியாபாரி. கப்பல்காரர்களிடம் பழகிப் பழகி, பழைய கைக்கடிகாரங்களில் பைத்தியம் பிடித்துப்போனவர். தினமும் காலையில் காபிக்கு முன் ஒவ்வொன்றுக்கும் தன் கையாலேயே சாவி கொடுப்பார். ஈரம் பிடிக்காமல் இருக்க, வாட்ச் பெட்டிகளுக்குள் வறுத்த அரிசி முடிந்து வைத்திருப்பார். பெண்டாட்டி தொட்டாலும் பெரிய ரகளையாகிவிடும்.

அறைக்குள் பெரிய தாம்பாளம் ஒன்றில் சிவப்புப் பட்டு விரித்து, நாற்பது சொச்சம் கைக்கடிகாரங்கள் வட்டம் வட்டமாக அடுக்கியிருந்தன. ஒவ்வொரு கண்ணாடி மேலும் சந்தனம், அதன் மேல் குங்குமம். மேலே அட்சதையும் பொரியும் அரளிப் பூவும் இறைந்து கிடந்தன. ஆயுத பூசைக்கு ஆயுதங்களுக்கு ஓய்வு என்பதால் அண்ணாச்சி எதற்கும் சாவி கொடுக்கவில்லை. எல்லா வாட்சும் நின்று, ஆளுக்கொரு மணி காட்டின. நாற்பது வாட்ச் இருக்கிற வீட்டில் மணி தெரிய வேண்டுமானால் பக்கத்து வீட்டில்தான் கேட்க வேண்டும் போலிருக்கிறது.

"நடுவுல பாருங்க. அந்த எடம்தான்."

பார்த்தோம். நட்டநடுவில் உள்ளங்கை அகலத்துக்கு இடம். அதிலும் மஞ்சள் அரிசியும் பொரியும் நாலைந்து அரளிப் பூவும்தான் கிடந்தன.

"வெள்ளைக்காரன் காலத்துல முத்துக்குளிப்புக்கு, அதான் சலாபத்துக்கு, மேலதிகாரியா இருந்த துரை கையில கட்டுன வாட்சு. வெள்ளிக் கூடு. டயலு முத்துச்சிப்பி ஓட்டை இழைச்சுச் செஞ்சது. இப்படித் திருப்புனா ரோசு, அப்படித் திருப்புனா பச்சை. அடுத்த மாசம் மெட்ராஸ்ல பழைய கடிகாரக் கண்காட்சி. இதைக் கொண்டாறேன்னு ஊர் பூராச் சொல்லியாச்சு. போச்சே!"

அவர் குரல் உடைந்தது. நடிப்பாகத் தெரியவில்லை. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர் குரல் அது.

"பூசையில நீங்களே வச்சியளா?" என்றார் சார்.

"எங்கையால வச்சேன். எங்கையால சந்தனம் குங்குமம் தொட்டேன். கடைசியா அட்சதை பூ போட்டுக் கற்பூரம் காட்டுனேன். பூசை முடிஞ்சதும் மரியான் பொரிகடலை வாங்க வந்தான். அந்நேரம் போன் அடிச்சுது. நான் பேசிட்டு வாற வரைக்கும் அவன் இந்த அறை வாசல்ல ஒத்தைல நின்னான். பெறகு நான் கதவைப் பூட்டிட்டேன். காலைல மறுபூசைக்குத் தொறந்தா, இல்ல."

"அப்ப நேத்து பூட்டும்போது நீங்க உள்ள பாக்கல?"

"பாக்கலியே. நம்பிக்கை! நேத்து சாயங்காலம் வேசம் போட்டுக் காணிக்கை எடுக்குத தசரா செட்டு வாசலுக்கு வந்துது. அதுலயும் நம்ம பேச்சிமுத்துதான் தட்டு ஏந்திட்டு நிக்கான். ஒண்ணேகால் ரூவா மஞ்சத்துணில முடிஞ்சு அம்மனுக்குன்னு போட்டேன். அம்மனுக்கு அள்ளிக் குடுக்கிற வீட்டுல கைவைக்கானே அந்த மரியான், வெளங்குவானா அவன்?"

பேசிக்கொண்டே வந்தவரின் கண் திடீரென்று என் மணிக்கட்டில் விழுந்தது. என் எச்.எம்.டி. வாட்சை அவிழ்க்கச் சொல்லிக் கையை நீட்டினார். கொடுத்தேன். வாங்கிய கையோடு அது நேரே அவர் காதுக்குப் போனது. பச்சைப்பிள்ளையைக் கையில் வாங்கியதும் உச்சி மோந்து பார்ப்பார்களே, அந்த மாதிரி ஒரு பழக்கம். கண்ணை மூடிக் கேட்டார்.

"எண்ணெய் வத்திப்போச்சு. வேர்வைக் கையோட கட்டுதே. நீயெல்லாம் மனுசனாலே?"

"எனக்கே எண்ணெய் வத்தித்தான் கெடக்கு, அண்ணாச்சி."

அவர் விரலில் ஒரு செம்பு மோதிரம் பளபளவென்று மின்னியது. சார் அதையே பார்த்தார்.

"மோதிரம் புதுசா?"

"எங்க புதுசு? ரத்தக்கொதிப்புக்குச் செம்பு நல்லதுன்னு திருச்செந்தூர்ல வாங்குனது. பத்து வருசமாக் கழத்துனதில்ல."

"போலீசுக்கு இன்னைக்கே சொல்லிருக்கலாமே?"

"நல்ல நாளும் அதுவுமா வீட்டுக்குள்ள போலீசா? நாளைக்குப் பாத்துக்கிடலாம்."

அண்ணாச்சியின் மனைவி பிச்சம்மாள் மோர் கொண்டுவந்தார். சார் மோரைக் குடித்துவிட்டு, சாமி படத்துக்கு முன் நின்ற வெள்ளிக் குத்துவிளக்கைப் பாராட்டினார். புளி போட்டு விளக்கியது என்றார் அந்த அம்மாள். பேச்சிமுத்து என்ன வேடம் கட்டியிருக்கிறான் என்று சார் கேட்டதும், அவர் கையிலிருந்த மோர்ச் செம்பு நடுங்கியது.

"அவன் அப்படிப்பட்டவன் இல்லய்யா. என் தம்பி எடுத்திருக்க மாட்டான்."

"யாரும்மா எடுத்தான்னு சொன்னா? வேசம்தான் கேட்டேன்."

"போலீசு வேசம்," என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

"வாட்சைப் பத்தி உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

"எனக்கு என்ன தெரியும்? அந்தத் தட்டு பக்கத்துலயே எங்களை விடமாட்டாவ. பின்னால நின்னு கும்புட்டேன், அம்புட்டுத்தான்."

தெருவுக்கு வந்ததும் நான் விரல் மடக்கினேன்.

"அண்ணாச்சி பொண்டாட்டி நடுங்குதா. மச்சினன் நேத்துச் சாயங்காலமே பறந்துட்டான். அதுவும் போலீசு வேசத்துல. கள்ளனே போலீசு உடுப்பு மாட்டிக்கிட்டா எவன் புடிப்பான்? நம்ம ரெண்டு பேரும் குலசைக்குப் போறோம், கரெக்டா?"

"போறோம்," என்றார் சார். "மெட்டில்டாகிட்டயும் சொல்லு. பஸ்ல வந்து கோயில் வாசல்ல நிக்கட்டும். அண்ணாச்சி குடும்பம் சாயங்காலம் காருல வரும். வருசா வருசம் சூரசம்ஹாரத்துக்கு வாற குடும்பம்."

"அப்ப மச்சினன்தானே சார்?"

"அவனைப் புடிக்காம ஒண்ணும் நடக்காது."

நான் கேட்டதற்கு அது பதில் இல்லை. மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் அறுபது கிலோமீட்டர் எலும்பு குலுங்கிய பிறகுதான் அது எனக்கு உறைத்தது. புதுத் துறைமுக வேலைக்குக் கல் ஏற்றிவந்த லாரிகள் விட்ட புழுதியெல்லாம் என் வாயில்தான் இருந்தது. உப்பளம் போய், பனங்காடு வந்து, ஆத்தூர் வாழைத்தோட்டம் தாண்டி, திருச்செந்தூரில் ஒரு டீ. சார் அதையும் வாங்கித் தரவில்லை. நான்தான் கொடுத்தேன்.

குலசேகரன்பட்டினத்தில் காலை வைக்க இடமில்லை. வேண்டுதலுக்குக் காப்புக் கட்டி, காளியாகவும் ராஜாவாகவும் குரங்காகவும் குறத்தியாகவும் வேடம் போட்டவர்கள், ஊர் ஊராகக் காணிக்கை எடுத்து முடித்து, அன்றைக்கு அம்மன் வாசலில் வந்து குவிந்திருந்தார்கள். போலீஸ் வேடம் மட்டும் கூடை கூடையாக இருந்தது. எல்லாருக்கும் காக்கி, எல்லாருக்கும் லத்தி, எல்லாருக்கும் மீசை. பாதி மீசை மையில் வரைந்தது.

நான் முதலில் சிக்கியவரின் தோளில் தட்டினேன். "ஏலே, பேச்சிமுத்துன்னு ஒரு போலீசு பாத்தியா? வேசம் நல்லாத்தான் போட்டிருக்கே, தொப்பை மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி."

அவர் மெதுவாகத் திரும்பினார். நான் அவர் காலைப் பார்த்தேன். பூட்ஸ். காப்புக் கட்டியவன் செருப்பே போட மாட்டான். இவர் நிஜப் போலீஸ். லத்தி உயர்வதற்குள் சார் நடுவில் புகுந்து, "மன்னிச்சுக்கிடுங்க, பையனுக்குப் பித்தம்," என்று என் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

"இப்பமாவது தெரிஞ்சுதா? மூஞ்சியைப் பாக்கதுக்கு முன்ன காலைப் பாக்கணும்."

பேச்சிமுத்துவைக் கடைசியில் கடற்கரைப் பக்கம், பனங்கிழங்கு விற்பவளின் முன்னால் கண்டுபிடித்தோம். குடோன் காவல்காரனின் காக்கிச் சட்டை அவனுக்குத் தொளதொளவென்று தொங்கியது. வலது மணிக்கட்டில் மஞ்சள் காப்பு. இடது மணிக்கட்டையும் பார்த்தேன். அங்கே ஒரு வாட்ச் இருந்தது.

பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தேன். பிடித்த வேகத்தில் வாட்ச் கிழிந்து என் கையோடு வந்துவிட்டது. பனையோலை வாட்ச். குழந்தைகளுக்குத் திருவிழாவில் பின்னி விற்பார்களே, அது.

"நாப்பது வாட்சு உள்ள வீட்டுல உனக்கு ஓலை வாட்சாலே?" என்றேன். கேட்டு முடிக்கும்போது எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

"அத்தான் ஒண்ணைக்கூடத் தொடவிட்டதில்ல," என்றான் பேச்சிமுத்து. ஆள் முப்பது வயதுக்காரன். "ஒரு நாளாவது கையில கட்டிப் பாக்கணும்னு ஆசை. வெலைக்கு வாங்குனா எம்புட்டு ஆவும்னுதான் மரியான் அண்ணன்ட்ட கேட்டேன். எடுக்கணும்னு நெனைக்கல. காப்புக் கட்டிருக்கேன், அம்மன் மேல ஆணை."

நான் அவன் சட்டைப் பையைத் தடவினேன். பீடி கூட இல்லை. விபூதிப் பொட்டலம் மட்டும் இருந்தது. என் துப்பு அத்தனையும் தூசியாகப் போனது. மெட்டில்டா எந்நேரமும் வந்து நிற்பாள் என்று நினைத்தபோது, வாயில் வேடிக்கை வரவில்லை. விடிந்தால் ஓலை. எங்கள் கையில் கிழிந்த பனையோலை.

"சார், இவன்கிட்ட இல்ல."

"இருக்கு," என்றார் சார். "எனக்குச் சந்தேகம் மச்சினன் மேல இல்லலே. அவன் தட்டு மேல."

பேச்சிமுத்து இடுப்போடு அணைத்துப் பிடித்திருந்த பித்தளைத் தட்டை அப்போதுதான் நான் சரியாகப் பார்த்தேன். சில்லறைக்கும் கசங்கிய நோட்டுக்கும் நடுவே ஒரு மஞ்சள் துணி முடிச்சு. துணியில் காவி நிறத்தில் ஒரு கறை.

"அது அத்தான் போட்ட காணிக்கை," என்றான் பேச்சிமுத்து. தட்டை இன்னும் இறுக்கிக்கொண்டான். "தொடாதிய சார். தட்டுல விழுந்தது அம்மனுக்கு. நான்கூடப் பிரிக்கப்படாது. உண்டியல்ல சேக்கணும்."

"நான் தொட மாட்டேன். ஒரே ஒரு ஒத்தாசை செய். உங்க அத்தான் வாற வரைக்கும் உண்டியல்ல போடாம இரு. ஒரு பொண்ணோட கல்யாணம் அதுல இருக்கு."

அவன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு தலையை அசைத்தான்.

பொழுது சாயும் நேரத்துக்கு மெட்டில்டா வந்துவிட்டாள். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறாள். கோயில் மண்டபத்தில், உண்டியலுக்கு முன் எங்கள் பக்கத்தில் வந்து நின்றாள். சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தாள். அண்ணாச்சியின் கார் வந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவரும் பிச்சம்மாளும் மண்டபத்துக்குள் ஏறினார்கள். உண்டியலுக்கு முன் மச்சினனையும் எங்களையும் ஒன்றாகப் பார்த்ததும் அண்ணாச்சியின் நடை ஒரு நொடி தடுமாறியது.

"என்ன வெள்ளத்துரை, இங்கன நிக்கீரு? வாட்சு அகப்பட்டுதா?"

"அதைத்தான் தேடுதோம், அண்ணாச்சி. பேச்சிமுத்துக்கு ஒரு சந்தேகம். தட்டுல நெறைய முடிச்சு விழுந்துச்சாம். இது உங்க வீட்டு முடிச்சுதானா, வேற வீட்டுதான்னு தெரியல. நீங்க போட்டது எம்புட்டு?"

"ஒண்ணேகால் ரூவா. அதான் காலைலயே சொன்னேனே."

"அப்ப எடுத்துப் பாத்துச் சொல்லிருங்க. போட்டவங்க தொடலாம், இல்லலே பேச்சி?"

பேச்சிமுத்து தட்டை நீட்டினான். சுற்றிலும் மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி இரண்டு விரலால் முடிச்சை எடுத்தார், உள்ளங்கையில் வைத்தார்.

அப்போது அது நடந்தது. அது அவர் மூளை சொல்லிச் செய்ததல்ல. கை தன்பாட்டில் உயர்ந்தது. மஞ்சள் முடிச்சு நேரே அவர் காதுக்குப் போனது. கண் மூடிக்கொண்டது.

"ரூவா என்ன சொல்லுது, அண்ணாச்சி?" என்றார் சார். "ஓடுதா?"

அண்ணாச்சி கண்ணைத் திறந்தார். கை மட்டும் காதைவிட்டு இறங்கவில்லை. பிச்சம்மாள், "அடப் பாவி மனுசா," என்று மெதுவாகச் சொன்னார்.

எனக்கு இன்னும் விளங்கவில்லை. வெட்கத்தைப் பார்த்தால் ஆகாது என்று வாய்விட்டே கேட்டேன். "தன் வாட்சைத் தானே திருடுவாவளா சார்?"

"திருடலலே. ஒளிச்சாரு. காலைலயே அந்தப் பூசைத் தாம்பாளம் காட்டிக் குடுத்துட்டு. வாட்சை வச்சு, அதுக்கு மேல அட்சதையும் பூவும் போட்டிருந்தா, வாட்சை எடுத்த பெறகு கீழ பட்டு வெறுமையா இருக்கணும். இங்க நடுவுல பட்டு மேலயே பொரி கெடக்கு, அரளி கெடக்கு. அதாவது பூப் போடும்போதே அங்க வாட்சு இல்ல. ஆனா 'எங்கையால வச்சேன்'ங்காரு அண்ணாச்சி. ரெண்டாவது, மோதிரம். இந்த உப்புக்காத்துல பத்து வருசச் செம்பு கறுத்துத்தான் கெடக்கும். இது மின்னுது. செம்பை மின்ன வைக்கது புளி. அடுப்படிப் பக்கம் எட்டிப் பாக்காத மனுசன் புளியைக் கையில எடுத்து எதைத் தேச்சாரு? வெள்ளி வெளக்குதான் வீட்டம்மா வேலையாச்சே. நேத்து அவரு கையால வீட்டை விட்டு வெளிய போனது இந்த முடிச்சு ஒண்ணுதான், அதுலயும் புளிக்கறை."

மெட்டில்டா சட்டென்று நிமிர்ந்தாள். "புளியா? அந்த வாட்சையா?"

"வெள்ளி கறுத்துருந்துதும்மா," என்றார் அண்ணாச்சி. அவ்வளவு பெரிய மனிதரின் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "வெளக்கு மின்னுது, இது மட்டும் கறுப்பா இருந்துது. பூசையில நடுவுல வைக்கணும். கூட்டை மட்டும் லேசாத் தேய்ப்போம்னு... கண்ணாடி ஆடுதுன்னு உங்கப்பன் சொன்னான். நான் கேக்கல. எனக்குத் தெரியாத வாட்சான்னு நெனச்சேன்."

அவரே முடிச்சை அவிழ்த்தார். வெள்ளிக் கூடு புதிது போலத்தான் பளபளத்தது. கண்ணாடிக்குக் கீழே, ரோசாவும் பச்சையும் காட்ட வேண்டிய முத்துச்சிப்பி, சுண்ணாம்பு பூசிய சுவர்போல் வெளுத்துச் செத்துக் கிடந்தது. முத்தும் சிப்பியும் புளிப்புக்கு ஆகாது என்பது அந்தக் கடற்கரையில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். எல்லாரையும் தொடாதே தொடாதே என்று விரட்டியவர்தான் தொட்டுக் கெடுத்திருக்கிறார்.

"கடல்ல எறிய மனசு வரல," என்றார். "அம்மன்கிட்டப் போயிட்டா யாரும் பாக்க மாட்டாங்கன்னு தட்டுல போட்டேன்."

"அதுக்கு எங்கப்பாவை எதுக்குக் கள்ளனாக்குனிய?" மெட்டில்டாவின் குரல் மேளத்தையும் மீறிக் கேட்டது.

"உங்கப்பன் ஒருத்தன் பாத்தாப் போதும், என்ன நடந்துதுன்னு சொல்லிருவான். அப்படிச் சொன்ன பெறகு நீயேம்லே தொட்டேன்னு கேட்டுச் சிரிப்பான். ஊரு சிரிக்கும். மெட்ராசு சிரிக்கும். அவனே களவாணின்னு ஆயிட்டா..."

"எங்கப்பா சிரிச்சிருக்க மாட்டாவ," என்றாள் அவள். "அழுதிருப்பாவ."

 

சார்தான் காரியத்தைப் பேசினார். நாளைக் காலையில் மாதா கோயில் பூசைக்கு மணி அடிக்குமுன், அண்ணாச்சி தன் கையாலேயே மரியானின் சாமான் பெட்டியைச் சுமந்துபோய்க் கடையில் வைக்க வேண்டும். அங்கிருந்து மாதா கோயில் வாசலுக்குப் போய், மணப்பாட்டுச் சம்பந்திக்கு முன்னால் நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். அண்ணாச்சி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிச்சம்மாள் மெட்டில்டாவின் கையைப் பிடித்து, "நான் கூட்டிட்டு வாறேம்மா. வரலேன்னா இழுத்துட்டு வாறேன்," என்றார். அந்த அம்மாள் காலையில் நடுங்கியது தம்பிக்காக மட்டும்தான் என்று அப்போதுதான் நம்பினேன்.

மெட்டில்டா அண்ணாச்சியின் உள்ளங்கையிலிருந்த வாட்சை நெருங்கிப் பார்த்தாள். தொடவில்லை. குனிந்து காதை வைத்துக் கேட்டாள்.

"டயலு போச்சு. அது திரும்பாது," என்றாள். "ஆனா கேளுங்க, அசைக்கும்போது ரெண்டு அடி அடிச்சுட்டு நிக்கி. மிஷினு சாகல. நேத்தே அப்பாகிட்டக் குடுத்திருந்தா ஓட வச்சிருப்பாவ. இப்பக் குடுத்தாலும் ஓட வைப்பாவ."

அண்ணாச்சியின் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் மறக்க மாட்டேன். விடியற்காலையில் பிணம் எழுந்து காபி கேட்ட மாதிரி. வாட்சை மறுபடி துணியில் சுற்றினார். சட்டைப் பையைத் திறந்தார்.

தட்டு குறுக்கே வந்தது.

"அத்தான்," என்றான் பேச்சிமுத்து. "அது என் தட்டுல விழுந்தது."

"ஏலே பேச்சி, அது வாட்சுலே. தெரியாமப் போட்டது."

"தெரிஞ்சுதான் போட்டிய. அம்மனுக்குன்னு சொல்லிப் போட்டிய. நான் காப்புக் கட்டிருக்கேன் அத்தான். எடுத்துட்டுப் போங்கன்னு சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல."

அவன் நிமிர்ந்து நின்று அதுவரை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். தொளதொளச் சட்டையும் மைமீசையுமாக நின்றான். அந்த மண்டபத்தில் அப்போது அவன் ஒருவன்தான் போலீஸ். அண்ணாச்சி சாரைப் பார்த்தார். சார் கோபுரத்தைப் பார்த்தார். அண்ணாச்சி மனைவியைப் பார்த்தார். பிச்சம்மாள் இரண்டு கையையும் கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார்.

அண்ணாச்சி முடிச்சைத் தட்டில் வைத்தார். பேச்சிமுத்து தட்டோடு உண்டியலுக்கு முன் போய், முதலில் நோட்டையும் சில்லறையையும் போட்டான். கடைசியாக மஞ்சள் முடிச்சைக் கண்ணில் ஒற்றி, உண்டியலின் வாய்க்குள் விட்டான். உள்ளே காசின் மேல் அது விழுகிற சத்தம் கேட்டது.

மெட்டில்டா கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் புறப்பட்டாள். விடிந்தால் ஓலை, அப்பாவிடம் சொல்ல வேண்டும். நாங்களும் அவளோடு படி இறங்கினோம். நான் ஒரு தரம் திரும்பிப் பார்த்தேன்.

காசிலிங்கம் அண்ணாச்சி உண்டியலின் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். தலை கொஞ்சம் சாய்ந்திருந்தது. அந்த மேளச் சத்தத்தின் நடுவே, காதை உண்டியலில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.